உறுமுகிறது, சுழலவில்லை: பழைய ரம்ப மேசையின் மோட்டாரை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். தந்தையார் காலத்திலிருந்து தச்சுப்பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கும் 12 அங்குல வட்ட ரம்ப மேசை அது. சிங்கிள் ஃபேஸ் மோட்டார். பெயர்த்தகட்டில் 2 எச்.பி., 230 வோல்ட், 11 ஆம்பியர், 1440 ஆர்.பி.எம். என்று இருக்கிறது. சில வாரங்களாகச் சுவிட்சைப் போட்டால் உறுமுகிறதே தவிரச் சுழல்வதில்லை. பெல்ட்டைக் கையால் இழுத்துவிட்டால் ஓடத் தொடங்குகிறது. ஓடினாலும் தேக்குப் பலகையைக் கொடுத்தால் திணறுகிறது. பத்து நிமிடத்தில் தொட முடியாத அளவுக்குச் சூடாகி எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) டிரிப் ஆகிவிடுகிறது. வைண்டிங் கடைக்காரர் மோட்டாரைத் திறக்காமலேயே, காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) போய்விட்டது, ரீவைண்டிங் செய்தாக வேண்டும், அதாவது புதுக் கம்பியால் மறுபடி சுற்றியாக வேண்டும் என்கிறார். செய்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போது செய்யாதீர்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இப்படிப்பட்ட மோட்டார்களைத் திறந்து மூடிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: காயில் உண்மையிலேயே கருகிய மோட்டாரை இப்படிக் கையால் இழுத்துவிட்டு வாரக்கணக்கில் ஓட்ட முடியாது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் முதலில் வேறு இடங்களைக் காட்டுகின்றன. அவை எல்லாமே காயிலைவிட மலிவானவை, பெரும்பாலும் ஒரே நாளில் பார்த்து முடிக்கக்கூடியவை. ஆனால் அவற்றைச் சரிசெய்யாமல் ஓட்டிக்கொண்டே போனால், கடைக்காரர் இன்று சொல்வது ஒரு மாதத்தில் உண்மையாகிவிடும்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். பெல்ட்டைக் கையால் இழுத்து ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். விரல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் இடையே சிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. பலருக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் சுற்று வேலை செய்யாத சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குத் தனக்கென்று ஒரு திசை கிடையாது. எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கமே ஓடும். கை தவறி எதிர்ப்பக்கம் சுழன்றால் பிளேடும் எதிர்ப்பக்கம் சுழலும். பிளேடைப் பிடித்திருக்கும் நட்டின் மரை, பிளேடு சரியான திசையில் ஓடும்போது இறுகும்படி வெட்டப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் ஓடினால் அதே நட்டு தளர்ந்து வரும். எனவே இனி செய்யப்போகும் சோதனை எதுவானாலும், பிளேடைக் கழற்றி வைத்துவிட்டு, பெல்ட்டையும் எடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமுவதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒற்றை ஃபேஸ் மின்சாரம் மெயின் வைண்டிங்கில், அதாவது முதன்மைக் காயிலில், உண்டாக்கும் காந்தப்புலம் ஏறி இறங்குமே தவிரச் சுழலாது. நின்றிருக்கும் ரோட்டரை (தண்டோடு சுழல வேண்டிய பகுதியை) அது இரண்டு பக்கமும் சமமாக இழுப்பதால் ரோட்டர் அதிர்ந்துகொண்டே நிற்கும். அந்த அதிர்வே நீங்கள் கேட்கும் உறுமல். ஒரு பக்கமாகத் தள்ளிவிட ஸ்டார்ட்டிங் வைண்டிங் என்ற இரண்டாவது காயில் உண்டு. அதோடு தொடராக இணைந்துள்ள கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி விடுவிக்கும் உருளை), அந்தக் காயிலின் மின்னோட்டத்தை மெயினின் மின்னோட்டத்துக்குச் சற்று முன்னால் கொண்டுபோகிறது. இரண்டும் சேரும்போதுதான் சுழலும் புலம் பிறக்கிறது. மோட்டார் தன் வேகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை எட்டியதும், தண்டில் இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் விரிந்து ஸ்டார்ட்டிங் சுற்றைத் துண்டித்துவிடும். உறுமி நின்று, கையால் தள்ளினால் ஓடும் மோட்டாரில் மெயின் வைண்டிங்குக்கு உயிர் இருக்கிறது. ஸ்டார்ட்டிங் சுற்றில்தான் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது. கெபாசிட்டர், சென்ட்ரிஃபியூகல் சுவிட்சின் கான்டாக்ட், ஸ்டார்ட்டிங் காயில், இவற்றை இணைக்கும் வயர் முனைகள்: இந்த நான்கில் ஒன்று. இதே உறுமல் த்ரீ ஃபேஸ் மோட்டாரில் கேட்டால் ஒரு ஃபேஸ் வரவில்லை என்று பொருள். அது வேறு கதை, உங்களுக்குப் பொருந்தாது.

பெல்ட்டைக் கழற்றிய பின் கையால் ரம்பத் தண்டைச் சுழற்றிப் பாருங்கள். பிறகு மோட்டார் தண்டையும் தனியாகச் சுழற்றுங்கள். இரண்டும் தடையின்றி, கரகரப்பின்றி, ஒரே சீராகச் சுழல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் மோட்டாரை இரண்டு முறை கடைக்கு அனுப்பிவிட்டு மூன்றாவது முறை என்னைக் கூப்பிட்டார்கள். பெல்ட்டை எடுத்ததும் மோட்டார் முதல் சொடுக்கிலேயே கிளம்பியது. குற்றவாளி ரம்பத் தண்டின் பேரிங். அதன் கிரீஸ் மரத்தூளோடு குழைந்து, காய்ந்த பசைபோல் கெட்டியாகி, தண்டையே பிடித்துக்கொண்டிருந்தது. மோட்டாரின் மீது போட்ட பழி அத்தனையும் வீண்.

அடுத்தது மின்சாரம். இதை எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள். நான் மோட்டாரைத் திறக்கும் முன்பே பார்ப்பேன். மீட்டரை வெறும் பிளக்கில் வைத்து 230 இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. மோட்டார் கிளம்ப முயலும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் மோட்டாரின் டெர்மினல் பெட்டியில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்பதே கணக்கு. இந்த அளவு மோட்டார் கிளம்பும்போது அதன் முழுச்சுமை மின்னோட்டத்தைப்போல நான்கைந்து மடங்கு, அதாவது சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். மெயின் போர்டிலிருந்து ரம்ப மேசை 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றும், யாரோ அவசரத்துக்கு 1 ச.மி.மீ. செம்பு வயரை இழுத்துவிட்டிருக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். போகவர 60 மீட்டருக்கு அந்த வயரின் மின்தடை ஒரு ஓமுக்குச் சற்று மேல். 50 ஆம்பியர் பாயும்போது வயரிலேயே 50 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். அதே தூரத்துக்கு 2.5 ச.மி.மீ. வயர் போட்டிருந்தால் இழப்பு 22 வோல்ட் அளவில் நிற்கும், 4 ச.மி.மீ. என்றால் இன்னும் குறையும்.

இது வெறும் கணக்கு அல்ல, ஏனென்றால் மோட்டாரின் திருப்புவிசை வோல்ட்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. 230 வோல்ட்டுக்கு உரிய மோட்டாருக்கு 190 வோல்ட் மட்டும் கிடைத்தால் அதன் திருப்புவிசை 68 விழுக்காடாகிவிடும். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. தேக்கில் திணறுவதற்கும், திணறும்போது கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாவதற்கும் இதுவே போதும். வயரோடு சேர்த்துப் பிளக், சாக்கெட், சுவிட்ச் முனைகளையும் தொட்டுப் பாருங்கள், மெயினை அணைத்துவிட்டுத்தான். எங்காவது பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, திருகைச் சுற்றி வயரின் உறை சுருங்கியிருந்தாலோ அந்த இணைப்பில் தளர்வு இருக்கிறது.

இனி கெபாசிட்டர். கடையில் கண்டென்சர் என்று கேட்டாலும் தருவார்கள். உங்கள் மோட்டாரின் முதுகில் ஒன்றா இரண்டா என்று பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் அது பெரும்பாலும் ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர்: கறுப்பு நிற பிளாஸ்டிக் உருளை, மேலே 150-200 என்பதுபோல் ஒரு வீச்சில் மைக்ரோஃபாரட் அளவும் (கெபாசிட்டரின் கொள்ளளவு) 275 வோல்ட்டும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டு என்றால் மற்றது ரன்னிங் கெபாசிட்டர்: 40 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்பதுபோல் ஒரே அளவு இருக்கும், மோட்டார் ஓடும் நேரமெல்லாம் சுற்றிலேயே இருக்கும். உங்களுடையது இரண்டு கெபாசிட்டர் மோட்டார் என்றால் நோய்க்குறி மாறுகிறது. ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் போனால் கிளம்பாது, அவ்வளவுதான். தள்ளிவிட்ட பின் அது சூடாக வேண்டிய காரணம் இல்லை. ரன்னிங் கெபாசிட்டர் இளைத்துப்போனால் மோட்டார் ஓடும், ஆனால் வலு குறைந்து, மின்னோட்டம் கூடிச் சூடாகும். நீங்கள் இரண்டு குறைகளையும் சொல்வதால், இரண்டு தனித்தனிக் கோளாறுகள் சேர்ந்திருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். ஒன்றைச் சரிசெய்துவிட்டு, மற்றது போகவில்லை என்று மோட்டாரைக் கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கெபாசிட்டரைத் தொடும் முன் அதில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரை இரண்டு முனையிலும் வைத்துப் பொறி பறக்கவிடுவது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. அது கண்ணுக்கும் ஆபத்து, கெபாசிட்டருக்கும் கேடு. ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பின் இரண்டு வயரையும் முனைகளில் சில நொடிகள் பிடித்தால் அமைதியாக இறங்கிவிடும். பிறகு ஒரு வயரைக் கழற்றி, கெபாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டரை வையுங்கள். ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் அச்சிட்ட வீச்சுக்குள் இருக்க வேண்டும். ரன்னிங் கெபாசிட்டர் 40 என்றிருந்தால் 36-க்குக் கீழே போனதை நான் வைத்துக்கொள்வதில்லை. உருளையின் தலை உப்பியிருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ அளக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அளவு காட்டும் மீட்டர் இல்லையென்றால் வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் போதும். மோட்டார் ஓடும்போது ரன்னிங் கெபாசிட்டர் வயரில் பாயும் ஆம்பியரை 3183-ஆல் பெருக்கி, அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள வோல்ட்டால் வகுத்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மைக்ரோஃபாரட் கிடைக்கும். 320 வோல்ட்டில் 4 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 40. கெபாசிட்டரின் முனையில் 230-க்கு மேல் வோல்ட் காட்டுவதைக் கண்டு திகைக்க வேண்டாம். அதனால்தான் அதை 440 வோல்ட்டுக்குச் செய்கிறார்கள். உயிருள்ள முனைகளில் அளக்கும் வேலை இது, பழக்கம் இல்லாதவர் எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்விக்க வேண்டும். வலு கூடும் என்று எண்ணிப் பெரிய ரன்னிங் கெபாசிட்டரை மாட்டுவது தவறு. 40-க்குப் பதில் 60 போட்டால் அந்தக் காயிலில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் ஓயாமல் பாய்ந்து அது வெந்துவிடும்.

மர வேலை மோட்டார்களில் நான் அதிகம் கண்ட குறை சென்ட்ரிஃபியூகல் சுவிட்சில்தான். இதைத் திறக்காமலேயே காதால் ஓரளவு அறியலாம். ஓடும் மோட்டாரை அணைத்துவிட்டு அருகில் நின்று கேளுங்கள். வேகம் குறைந்துகொண்டே வந்து, நிற்பதற்குச் சற்று முன் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். வேகத்தில் விரிந்திருந்த சுவிட்சின் எடைக் குண்டுகள் ஸ்பிரிங்கின் இழுப்புக்கு அடங்கி உள்ளே வந்து, கான்டாக்ட் மூடிக்கொள்ளும் சத்தம் அது. கேட்காவிட்டால் சந்தேகம் வலுக்கிறது. கேட்டாலும் கான்டாக்டின் முகம் சுத்தமாக இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மூடியைக் கழற்றும் முன், மூடிக்கும் உடலுக்கும் குறுக்கே ஆணியால் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் உட்காரும். உங்களுடையதுபோன்ற பழைய மோட்டார்களில் பல முற்றிலும் மூடிய அமைப்பு அல்ல. மூடியில் உள்ள துளைகள் வழியாகக் காற்றை உள்ளிழுத்துக் காயிலைக் குளிர்விப்பவை. காற்றோடு மரத்தூளும் போகும். திறந்தவுடன் நீங்கள் காணப்போவது பெரும்பாலும் இதுதான்: காயிலின் தலைகள்மேல் கம்பளி விரித்ததுபோல் பழுப்பு நிறத்தில் நுண்தூள், தண்டில் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் கொண்ட தட்டு, அதன் முன்னால் முன்னும் பின்னும் நகர வேண்டிய பிளாஸ்டிக் வளையம் பிசின் கலந்த தூளில் ஒட்டிக்கொண்டு நிற்கும், மூடியின் உட்புறத்தில் தகட்டுப் பட்டையின் நுனியில் மிளகு அளவில் இரண்டு கான்டாக்ட் பொட்டுகள், ஒன்று குழிந்து, மற்றது மேடாகி, இரண்டின் மேலும் கரி. அந்த இரண்டு பொட்டுகளுக்கும் நடுவே ஒரு சிட்டிகைத் தூள் அழுந்தி உட்கார்ந்திருந்தால் ஸ்டார்ட்டிங் காயிலுக்கு மின்சாரம் போக வழியே இல்லை. மோட்டார் உறுமுகிறது, நாம் காயிலைக் குறை சொல்கிறோம்.

தூளை மென்மையான தூரிகையால் தட்டி, வேக்குவத்தால் இழுத்துவிடுங்கள். கம்ப்ரெசர் காற்றை அழுத்தி அடித்தால் தூள் ஸ்லாட்டுக்குள் (காயில் பதிந்திருக்கும் பள்ளத்துக்குள்) இன்னும் ஆழமாகப் போகும். கான்டாக்டை மிக நுண்ணிய எமரித் தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, துணியால் துடைக்கலாம். பொட்டு தேய்ந்து அடித்தகடு தெரிந்தால் சுவிட்சையே மாற்ற வேண்டும். வளையம் தண்டின்மேல் விரலால் தள்ளியதும் போய், விட்டதும் தானே திரும்ப வேண்டும். அங்கே எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் அடுத்த வாரத் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடாத சுவிட்ச் மோட்டாரைக் கிளம்பவிடாது, அவ்வளவுதான். திறக்காத சுவிட்ச் கொடியது: சில நொடிகள் மட்டுமே தாங்கும்படி மெல்லிய கம்பியில் சுற்றிய ஸ்டார்ட்டிங் காயிலில் மின்சாரம் ஓயாமல் பாய்ந்து, கெபாசிட்டரை வெடிக்க வைத்து, காயிலையும் எரித்துவிடும். அந்தப் பொறியும் மரத்தூளும் ஒரே கூட்டுக்குள் இருப்பது தீப்பிடிக்கும் வாய்ப்பையும் தருகிறது. சுத்தம் செய்வதில் சோம்பல் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

திறந்த நிலையிலேயே காயிலைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். நல்ல காயிலின் வார்னிஷ் தேன் நிறத்திலோ, பழையதானால் கருந்தேன் நிறத்திலோ பளபளக்கும். ஸ்லாட்டின் மேற்புறத்தில் இருக்கும் மெல்லிய கம்பிக் காயில் மட்டும் கருகி, அடியில் உள்ள தடித்த கம்பி நன்றாக இருந்தால் சுவிட்ச் திறக்காமல் போயிருக்கிறது. எல்லாமே ஒரே சீராகக் கறுத்திருந்தால் நீண்ட நாள் கூடுதல் சுமையில் ஓடியிருக்கிறது. ஒரு காயில் மட்டும் கறுத்திருந்தால் அதற்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. மீட்டரில் மெயின் வைண்டிங் குறைந்த ஓமும் ஸ்டார்ட்டிங் அதைவிடக் கூடுதல் ஓமும் காட்ட வேண்டும். 500 வோல்ட் மெக்கரால் (காப்பின் மின்தடையை அளக்கும் கருவியால்) காயிலுக்கும் உடலுக்கும் இடையே சோதித்து, ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் மின்சாரம் கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் பல நாள் சும்மா கிடந்த மோட்டார் ஈரம் குடித்து இப்படிக் காட்டும்; உள்ளே 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு ஒரு இரவு வைத்துவிட்டு மறுபடி அளந்தால் ஏறியிருக்கும். ஏறாவிட்டால்தான் காயிலின் மீது குற்றம்.

பேரிங்கை விட்டுவிட வேண்டாம். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் (காயிலைத் தாங்கி நிற்கும் அசையாத பகுதிக்கும்) இடையே உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பேரிங் தேய்ந்து தண்டு அந்த அளவு இறங்கினால், மின்சாரம் கொடுத்ததும் காந்தம் ரோட்டரை ஒரு பக்கம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். கையால் சுழற்றும்போது ஒன்றுமே தெரியாது. ரோட்டரின் மேல் பளபளப்பான உரசல் வரி இருந்தால் இதுதான் காரணம். மாற்றுவதானால் பழைய பேரிங்கின் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்: 6204 என்றால் 20 மி.மீ. தண்டு, 47 மி.மீ. வெளிவிட்டம், 14 மி.மீ. அகலம். எண்ணுக்குப் பின்னால் இசட்இசட் என்பது தகட்டு மூடி, 2ஆர்எஸ் என்பது ரப்பர் மூடி. மரத்தூள் பறக்கும் இடத்துக்கு ரப்பர் மூடியே சரி. மாட்டும்போது உள்வளையத்தில் மட்டும் படும்படி ஒரு குழாயை வைத்துத் தட்ட வேண்டும். வெளிவளையத்தில் அடித்தால் புதுப் பேரிங்கே அன்றைக்கே பழையதாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் காயில் போனது உறுதியானால் ரீவைண்டிங் செய்யுங்கள், தயங்க வேண்டாம். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மோட்டார் செய்து காட்டிய காலத்திலிருந்து இந்தத் தொழிலில் தேர்ந்த கைகளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. கனமான வார்ப்பிரும்பு உடலும் நல்ல ஸ்டாம்பிங்கும் (காயிலைத் தாங்கும் இரும்புத் தகட்டு அடுக்கும்) கொண்ட பழைய மோட்டார் அந்தச் செலவுக்குத் தகுதியானது. ஆனால் கடைக்காரரிடம் மூன்று விஷயங்களை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பழைய காயிலை வெட்டும் முன் சுற்றுகளின் எண்ணிக்கை, கம்பியின் கேஜ் (தடிமன்), பிட்ச் (ஒரு காயில் எத்தனை ஸ்லாட்டைத் தாண்டுகிறது என்பது), இணைப்பு முறை எல்லாவற்றையும் எழுதி உங்களுக்கும் ஒரு நகல் தர வேண்டும். கேஸ் விளக்கால் ஸ்டேட்டரைச் சிவக்கக் காய்ச்சிப் பழைய கம்பியை உருவக் கூடாது. அப்படிச் செய்தால் தகடுகளுக்கிடையே உள்ள காப்புப் பூச்சு எரிந்து, பிறகு எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் மோட்டார் சூடாகிக்கொண்டே இருக்கும். கம்பி செம்பாகத்தான் இருக்க வேண்டும். அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் என்பதால், அதே ஸ்லாட்டுக்குள் அடைத்த அலுமினியக் கம்பியால் அதே வேலையைச் செய்ய முடியாது.

மோட்டாரைத் திரும்ப மாட்டியதும் பெல்ட் இல்லாமல் ஓட்டி, ஆம்பியரை அளந்து எழுதி வையுங்கள். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் சுமை இல்லாதபோதும் பெயர்த்தகட்டு அளவில் பாதிக்கு மேல் இழுப்பது இயல்பு. 11-ஐத் தொட்டால் மட்டும் கவலைப்பட வேண்டும். பிறகு பெல்ட்டோடு, பிறகு பிளேடோடு, கடைசியாகப் பலகை அறுக்கும்போது. சாணை பிடிக்காத பிளேடு, பிளேடுக்கு இணையாக இல்லாத வழிகாட்டிக் கட்டை, பல்லில் படிந்த பிசின் ஆகியவை 11 ஆம்பியரை எளிதாக 16-க்குக் கொண்டுபோய்விடும். காயிலின் காப்பு ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் வெப்பத்துக்கும் தன் ஆயுளில் பாதியை இழக்கிறது என்பது எங்கள் தொழிலின் பழைய கணக்கு.

இன்னும் ஒன்று. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த மேசைக்குச் சாதாரணச் சுவிட்சும் எம்.சி.பி.யும் மட்டுமே இருக்கின்றன. எம்.சி.பி. வயரைக் காக்கும், மோட்டாரைக் காக்காது. ஓவர்லோட் ரிலேயோடு (ஆம்பியர் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் கருவியோடு) கூடிய டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேரடியாக லைனில் இணைக்கும் பொத்தான் பெட்டி) ஒன்றை மாட்டி, ரிலேயைப் பெயர்த்தகட்டின் 11 ஆம்பியரில் வையுங்கள். ரிலேயில் மூன்று வழிகள் இருக்கும்; சிங்கிள் ஃபேஸுக்கு மாட்டும்போது மின்னோட்டம் மூன்று வழியாகவும் தொடராகப் பாயும்படி வயரைச் சுற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ரிலே தன் அளவில் சரியாக வேலை செய்யாது. இந்த ஸ்டார்ட்டரால் இன்னொரு பயனும் உண்டு. இப்போது அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், சுவிட்சை அணைக்க மறந்து, பிளேடில் சிக்கிய துண்டைக் கையால் எடுக்கும் நேரத்தில் கரண்ட் திரும்பினால் ரம்பம் தானாக ஓடத் தொடங்கிவிடும். ஸ்டார்ட்டர் இருந்தால், பச்சைப் பொத்தானை ஒருவர் மறுபடி அழுத்தும்வரை அது ஓடாது.